மாஸ்டர் சோடாவைக் குடித்தவள்

1. ஏழு கிளாஸ்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் எனக்குக் கிடைத்த முதல் இன்ஸ்பெக்ஷன் வேலை, ஏழு விதமான சோடாவைக் குடித்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்தவளுக்கு இப்படி ஒரு ஆரம்பம்.

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலை அது. வெளிநாட்டுக் கோலாக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன சமயம். ஊரில் சந்துக்குச் சந்து புதுப்புதுச் சோடாக்கள் முளைத்திருந்தன. எங்கள் ஹீட் ட்ரீட்மெண்ட் ஷாப்பில் உலைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்குத் தினமும் பதினோரு மணிக்கு ஆளுக்கு ஒரு சோடா என்று யூனியன் பேசி வாங்கியிருந்தது. எந்தச் சோடா என்பதில்தான் தகராறு. கேண்டீன் கமிட்டி ஒன்றைச் சொல்ல, யூனியன் வேறொன்றைச் சொல்ல, ஜெனரல் மேனேஜர் ஃபைலை எங்கள் குவாலிட்டி கண்ட்ரோல் பக்கம் தள்ளிவிட்டார்.

எங்கள் சீஃப் இன்ஸ்பெக்டர் அங்கமுத்து சார் அவிநாசிக்காரர். அளக்க முடியாத எதையும் அவர் நம்பமாட்டார். வீட்டில் ரசம் நன்றாக இருந்தால்கூட "லிமிட்டுக்குள்ள இருக்குது" என்றுதான் சொல்வார் என்று டிபார்ட்மெண்டில் பேச்சு.

"அம்மிணி, உங்க நாக்கு எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சார்."

"காலிபரேட் பண்ணிருக்குதா?" கருவியின் அளவைச் சரிபார்த்தாயிற்றா என்று கேட்கிற கேள்வி அது.

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கூடாது என்று தெரிந்தது.

ஏழு கிளாஸுக்கும் ஏ முதல் ஜி வரை டேக் கட்டியிருந்தார். எது யாருடைய சரக்கு என்று குடிக்க உட்கார்ந்த எங்கள் ஐந்து பேருக்கும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பிடி பொரி, ஒரு வாய் தண்ணீர். ஃபாரத்தில் ஐந்து கட்டம்: கேஸ், இனிப்பு, புளிப்பு, உப்பு, ஏப்பம். கடைசிக் கட்டம் சாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஐந்தில் எண்ண முடிந்தது அது ஒன்றுதான் என்று ஸ்டாப் வாட்ச் வேறு கொடுத்திருந்தார். ஆண்கள் தாராளமாக ஏப்பம் விட்டு எழுதினார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்குள் போய் விட்டுவிட்டு வந்து, "ரெண்டு சார், நாப்பது செகண்ட்ல" என்று ரிப்போர்ட் செய்தேன்.

ரிமார்க்ஸ் என்று இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஏ, ரோஸ்: குளிக்கும்போது வாய்க்குள் சோப்பு போனது போல. பி, திராட்சை: நாக்கு ஊதாவாகிவிட்டது, எப்போது போகும் என்று சப்ளையர் சொல்ல வேண்டும். சி, தெலுங்கில் சுகந்தி, நம்முடைய நன்னாரி: நல்ல சரக்கு, ஆனால் வேரும் கூடவே வருகிறது. டி, அன்னாசி: செய்தவர் அன்னாசியைக் கேள்விப்பட்டிருக்கிறார், பார்த்ததில்லை. ஈ, இஞ்சி: இரண்டு காதும் அடைத்துத் திறந்தன. எஃப், வெறும் சோடா: குறை சொல்ல ஒன்றுமில்லை, வேறு சொல்லவும் ஒன்றுமில்லை.

ஜி எலுமிச்சை சோடா. அதில் புதினா, வறுத்த சீரகம், ஒரு சிட்டிகை காலா நமக் என்கிற கறுப்பு உப்பு. முதலில் உப்பு தெரிந்தது, பிறகு புளிப்பு, எல்லாம் போன பிறகு புதினா மட்டும் தொண்டையில் நின்றது. "இன்னொரு கிளாஸ் வேண்டும்" என்று எழுதினேன்.

சார் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். "இது அபிப்பிராயம். ரீடிங் இல்லீங்."

ஆனாலும் ஐந்து பேருடைய ரீடிங்கிலும் ஜிதான் ஜெயித்தது. செய்தவர் காதர் பாய். பூர்வீகம் ஆம்பூர், கடை சார்மினாருக்குப் பின்னால். தமிழும் தக்கணி உருதுவும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். எங்கள் ஆர்டருக்காக, சப்ளை செய்துகொண்டிருந்த இரண்டு சினிமா கொட்டகைகளை அவர் விட்டுவிட்டார்.

2. இருபது டிகிரியில் ஒரு கோலி பாட்டில்

எங்கள் தொழிலில் மாஸ்டர் இல்லாமல் எதுவும் நடக்காது. ஷாப்பில் அளக்கிற கருவியான கேஜை இன்னொரு கேஜோடு ஒப்பிடுவோம், அதை அதற்கும் மேலான ஒன்றோடு. எல்லாவற்றுக்கும் மேலானதுதான் மாஸ்டர். அது ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் பெட்டிக்குள் இருக்கும். தினமும் எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்பதால் யாரும் தொடமாட்டார்கள்.

"நாளைக்கு சோடா ருசி மாறிப்போச்சுன்னு யாராச்சும் சொன்னா எதை வெச்சுங் அளக்கறது?" என்று கேட்டார் சார். ஆகவே சோடாவுக்கும் ஒரு மாஸ்டர் வந்தது. காதர் பாயின் கோலி பாட்டில் ஒன்று, வாயில் அரக்கு, அரக்கின் மேல் சாரின் முத்திரை. ஸ்லிப் கேஜ் என்கிற அளவுக் கட்டைகளின் பெட்டிக்குப் பக்கத்தில், இருபது டிகிரி ஏசியில் அதை வைத்தோம். சோடாவுக்கும் வயதாகும் என்று சாரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

ஸ்டாண்டர்ட்ஸ் ரூம் என் பொறுப்பு. மாதம் ஒரு தடவை சப்ளை பாட்டில் ஒன்றைக் குடித்துப் பார்த்து, "மாஸ்டருடன் ஒத்திருக்கிறது" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மாஸ்டரைத் திறக்காமல் அதோடு எப்படி ஒப்பிடுவது என்று நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அரக்கில் குத்தும் சாரின் முத்திரைக் கட்டை இருந்ததும் என் மேஜை டிராயரில்தான். பூனைக்குக் காவல் வேலை கொடுத்துப் பாலையும் பக்கத்தில் வைத்தார்கள்.

3. விக்கல்

ஒரு மே மாத மத்தியானம். லேபில் வேலை செய்த சுலோசனா கொடுத்த ஆவக்காயைச் சோற்றில் கொஞ்சம் தாராளமாகப் பிசைந்துவிட்டேன். விக்கல் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஃபேக்டரியில் தண்ணீரும் வரவில்லை. இரண்டு மணிக்குள் ஒரு ஸ்லிப் கேஜ் செட்டை அளந்து கொடுத்தாக வேண்டும். மைக்ரான் கணக்கு வேலையில் விக்கினால் ரீடிங் எங்கேயோ போகும்.

இப்படியெல்லாம் காரணம் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால், ஐந்து மாதமாகத் தினமும் அந்தப் பாட்டில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விக்கல் ஒரு சாக்கு.

அரக்கைச் சுரண்டி, கட்டை விரலால் கோலியை அமுக்கினேன். ஒரே மூச்சில் முடிந்தது. புதினா கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றபடி லிமிட்டுக்குள்தான்.

விக்கல் நின்றது, பயம் வந்தது. எனக்குப் புரொபேஷன் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. காதர் பாயிடமே போயிருக்கலாம். "உங்க மாஸ்டரைக் குடிச்சிட்டேன்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து செகந்திராபாத்துக்கு எடுத்துப்போனேன். நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் யாதகிரி என்று ஒருவர் சோடா மெஷின் வைத்திருந்தார். எலுமிச்சை, உப்பு, புதினா, சீரகம் என்று ஒப்பித்தேன். புதினா தீர்ந்துபோய்விட்டது, அதற்கு ஒரு பிடி வாமு போட்டிருக்கிறேன், வயிற்றுக்கு நல்லது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார். வாமு என்றால் ஓமம்.

மறுநாள் புது அரக்கு, அதே முத்திரை. மாஸ்டரை யார் திறக்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

4. வெள்ளிக்கிழமை பதினோரு மணி

நவம்பரில் ஹீட் ட்ரீட்மெண்ட் ஷாப்பிலிருந்து கம்ப்ளெய்ண்ட் வந்தது. சோடாவில் கேஸ் இல்லை, சப்ளையர் ஏமாற்றுகிறார். எழுதியவர் உலைக்காரர் நரசிம்மா. மாஸ்டரோடு ஒப்பிட்டுப் பார், ஒத்துப்போகவில்லை என்றால் ஆர்டர் ரத்து என்று காண்ட்ராக்டில் இருந்தது. அதோடு விடமாட்டார்கள். காஞ்சன்பாக் பக்கத்து அரசுத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் கடிதம் போகும். காதர் பாய் எங்கேயும் ஒரு பாட்டில் விற்க முடியாது. விட்ட சினிமா கொட்டகைகளையும் வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் கூடினோம். காதர் பாய் சலவைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். முகத்தில் கவலையே இல்லை. அவருடைய சரக்கை அவருடைய சரக்கோடுதானே ஒப்பிடப்போகிறார்கள்.

சார் தன் கையாலேயே அரக்கை உடைத்து, கிளாஸில் ஊற்றி, ஒரு வாய் குடித்தார். நெற்றி சுருங்கியது. இன்னொரு வாய் குடித்தார். பிறகு அன்றைய சப்ளை பாட்டிலிலிருந்து ஒரு வாய்.

"ஓமம்" என்றார். ஃபாரத்தில், "ஓமம்: மாஸ்டரில் உண்டு, சப்ளையில் இல்லை" என்று எழுதினார்.

நரசிம்மா குடித்துப் பார்த்துவிட்டு, "கஷாயம் லாகா உந்தி சார்" என்று முகத்தைச் சுளித்தார். கஷாயம் மாதிரி இருக்கிறதாம். "தினம் வர்றதே மேல்" என்றும் தெலுங்கில் சொன்னார்.

"நல்லா இருக்குதா இல்லியாங்கறது இங்க கேள்வியே இல்லீங். மாஸ்டர் மாதிரி இருக்குதாங்கறதுதான் கேள்வி" என்றார் சார்.

காதர் பாய் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, ஒரு மிடறு குடித்தார். "சார், இது நம்ம சரக்கு இல்ல சார். நம்ம கடைக்குள்ள ஓமமே வர்றது இல்ல."

"சீல் என்னோடது. உடையாம இருந்துச்சு. நீங்களும்தான் பார்த்தீங். சீல் பொய் சொல்லுமா?"

"ஹவ் சார், சீல் சரிதான் சார். ஆனா இது நம்ம சரக்கு நை சார்." அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடியும் சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை முகம் வேறாக இருந்தது.

சார் சிவப்பு ரிஜெக்ட் ஸ்லிப் புத்தகத்தைக் கேட்டார். அது என் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன், கொடுக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எனக்குத் தெரிந்த மொழியில் எழுதினேன்.

பொருள்: மாஸ்டர் பாட்டில், ஒன்று. குறை: குடிக்கப்பட்டது. குடித்தவர்: கீழே கையெழுத்திட்டவர். காரணம்: விக்கல். தற்போது உள்ளே இருப்பது: செகந்திராபாத் யாதகிரி சரக்கு.

சார் அதை இரண்டு தடவை படித்தார்.

"எப்பங் அம்மிணி?"

"மே மாசம் சார்."

"அப்ப ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் 'ஒத்திருக்கிறது'ன்னு கையெழுத்துப் போட்டீங்களே, எதோட ஒத்திருந்துச்சுங்?"

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். காலம் என்ற இடத்தில் மே என்று எழுதி, ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் ரிஜெக்ட் ஆனது. மாஸ்டர் இல்லாததால் காதர் பாயை ரிஜெக்ட் செய்ய வழியில்லை.

கேஸ் எங்கே போனது என்று அன்றைக்கே ஷாப்புக்குப் போய்ப் பார்த்தோம். கேண்டீன்காரர்கள் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று பத்து மணிக்கே எல்லாப் பாட்டிலையும் உடைத்து அண்டாவில் ஊற்றி, பதினோரு மணிக்கு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரோடு ஒப்பிடுவதற்கு முன்னால் அண்டாவைப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

5. காதர் பாய் சொன்னது

சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நன்றி சொல்வார் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

"உண்மைய சொன்னீங்க மேடம், சந்தோஷம். ஆனா இன்னா கேக்கறேன், மொத நாளே எங்கிட்ட வந்தா இன்னா? ரெண்டு நிமிஷத்துல ரொப்பிக் குடுத்திருப்பேன். சிரிச்சிருப்பேன். இன்னிக்கி அத்தினி பேர் எதிர்ல என் சரக்கையே என் சரக்கு இல்லன்னு எழுதப் பாத்தாங்க. சொல்றதுக்கு எங்கிட்ட இன்னா இருந்துச்சு?"

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் பத்து வருஷம் அவர்தான் சப்ளை. என்னிடம் மரியாதையாகப் பேசுவார், சிரிக்கமாட்டார். நானும் அதற்கு ஆசைப்படும் உரிமையை இழந்துவிட்டேன்.

என் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டினார்கள். காரணத்தைச் சர்வீஸ் புக்கில் ஆங்கிலத்தில் எழுதினார் சார். தமிழில் சொன்னால், "பாதுகாப்பில் இருந்த அளவுகோலை உட்கொண்டதற்காக." நான் ஓய்வு பெறும்போது பென்ஷன் பேப்பர் பார்த்த பெண் இந்த வரியில் நின்று, "மேடம், ஸ்கேலையா முழுங்கினீங்க?" என்று கேட்டாள். இல்லை, சோடா என்றேன். அவள் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தாகத்துக்கு ஒரு சோடாவைக் குடித்தது பெரிய குற்றமில்லை, அதற்கு ஒரு திட்டு போதும். ஆனால் நான் திரும்ப ஒட்டிய அந்த அரக்கினால், சரியாக வேலை செய்த ஒரு மனிதர் தன் சரக்கு தன்னுடையதுதான் என்று நிரூபிக்க முடியாமல் கால் மணி நேரம் சுவரோரமாக நின்றார். அதில் பத்து நிமிஷம் நான் அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சர்வீஸ் புக்கில் அந்தப் பத்து நிமிஷம் இல்லை.