கொண்டச்சி எருமைகளின் நீலம்

விடத்தல்தீவில் பிறந்த எனக்கு மாடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் மீனும் வலையும்தான். மாட்டுக்கு நோய் பார்க்கவும் அரசாங்கச் சம்பளத்தில் ஒருவர் இருப்பார் என்பதும், அவர்தான் என் கணவர் என்பதும் கல்யாணமாகி மன்னாருக்கு வந்த பிறகு எனக்குச் சேர்ந்தே புரிந்தன.

அவர் பம்பாயில் படித்தவர். செத்த மாட்டின் இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, நீலச் சாயம் ஊற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, இன்ன கிருமி என்று சொல்வது அவருடைய வேலை. வெள்ளைக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில் இலங்கை முழுவதிலும் அப்படிச் சொல்லக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் விடுமுறையில் சீமைக்குப் போயிருந்தார். இன்னொருவர் தெற்கே வேறொரு நோயோடு மாரடித்துக்கொண்டிருந்தார். வடக்கே இவர் ஒருவர்தான். எந்த ஊரில் மாடு விழுந்தாலும் தகடு எங்கள் வீட்டு மேசைக்கே வரும். உதவிக்கு ஓர் ஆள் வேண்டுமென்று மேலிடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் படிப்புப் படித்தவர்கள் இல்லை என்பதே எப்போதும் வந்த பதில்.

வீடு கடல் நீரேரியைப் பார்த்தபடி இருந்தது. பகலில் தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியாக ஏறி, கூரையின் உட்பக்கத்தில் வலை விரித்ததுபோல அசைந்துகொண்டிருக்கும். நுணுக்குக்காட்டியின் அடியிலிருந்த சின்னக் கண்ணாடியால் அந்த வெளிச்சத்தைப் பிடித்துத்தான் அவர் வேலை செய்வார். அவர் குனிந்திருக்கும்போது நான் பேசமாட்டேன். எங்கோ தூரத்தில் இருக்கிறார் என்று தோன்றும். கூப்பிட்டால் கொஞ்சம் பிந்தித்தான் திரும்புவார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது கரையோர ஊரான கொண்டச்சியில் எருமைகள் விழத் தொடங்கின. காய்ச்சல், வாயில் நுரை, சிலவற்றுக்குக் கழிச்சல், சிலவற்றுக்குத் தொண்டை வீக்கம். பட்டி பட்டியாக மாடுகளை அழிக்கும் வெக்கை நோய் என்று ஊர்த்தலைவர் விதானையார் அரசாங்கக் கச்சேரிக்கு அறிவித்துவிட்டார். வெக்கை என்றால் அந்தக் காலத்தில் ஒரே வழிதான்: நின்ற மாடு, விழுந்த மாடு என்று பாராமல் பட்டி முழுவதையும் சுட்டுப் புதைப்பார்கள். என் கணவர் வள்ளத்தில் போய், அங்கிருந்த எருமைகளின் இரத்தத்தைத் தகடுகளில் பூசி எடுத்துக்கொண்டு திரும்பினார். சுடுவதா வேண்டாமா என்பது இனி அவர் சொல்லில்தான் இருந்தது.

வந்த அன்றே அவரை முறைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அது அவருக்குப் பழையது; விட்டு விட்டு வரும். நடுங்கி நடுங்கிப் படுத்தார். கொயினா மருந்தைக் கூட்டிக் குடித்தார். காதுக்குள் வண்டு இரைகிறது என்றார். பிறகு அந்த மருந்தின் கூடுதலால் கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது. தகடுகளுக்குச் சாயம் போடும்வரை எழுந்து நின்றவர், நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துவிட்டுத் திரும்பி வந்து கட்டிலில் இருந்தார்.

"எல்லாம் புகையாக் கிடக்கு. ஒண்டு ரெண்டாத் தெரியுது," என்றார்.

வாசலில் எருமைக்காரர் நின்றார். கொண்டச்சி முஸ்லிம் பெரியவர். என் கணவருக்குப் பின்னாலேயே இன்னொரு வள்ளத்தில் வந்திருந்தார். கதிரை போட்டும் அதில் உட்காரவில்லை.

"மகள், ஐயா பாத்திட்டாரோ? ஊருக்குத் துவக்கோட ஆக்கள் வந்திட்டாங்கள். ஐயாட சொல்லுக்காகத்தான் நிக்கிறாங்கள்."

"அவருக்குச் சுகமில்லை. கொஞ்சம் பொறுங்கோ," என்றேன்.

"நான் பொறுப்பன் மகள். அவங்கள் பொறுக்கோணுமே." கடலின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஒவ்வொண்டும் என்ர கையால பால் கறந்த எருமை."

உள்ளே வந்து, கொழும்புக்குத் தகட்டை அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அவர் கண்ணை மூடியபடியே சிரித்தார். "அங்க ஆர் இருக்கிறது, பாக்க?"

மழை விட்டு நன்றாக வெளித்திருந்தது. கூரையின் உட்பக்கத்தில் வெளிச்சம் மெல்ல நெளிந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும். நீர் பாரும்."

"நானோ?"

"உம்மட கண் நல்ல கண். நான் கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும்."

"என்னத்தைத் தேடோணும்?"

"அதைச் சொல்ல மாட்டன். சொன்னா உமக்கு அதுதான் தெரியும்."

மேசைக்கு முன்னால் இருந்தேன். முதலில் தெரிந்தவை என் கண்ணிமை மயிர்கள். கறுப்பாக, பெரிதாக, பனையோலை போல. இன்னும் கிட்டப் போகச் சொன்னார், மற்றக் கண்ணையும் மூடாமல் வைத்திருக்கச் சொன்னார். கட்டிலில் கிடந்தபடியே, எந்தத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தகட்டின்மேல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். வெறும் வெளிச்சம். மங்கல். திடீரென்று அது திறந்துகொண்டது.

அதற்கு முன்போ பின்போ நான் அப்படியொரு நீலத்தைக் கண்டதில்லை. கடலில் இல்லை, எங்கள் கோயில் மாதாவின் சால்வையில் இல்லை. வெளிர் நீலத்தில் வட்ட வட்டமாக ஏதோ மிதந்தன. அசையவில்லை, ஆனாலும் மிதந்தன. நான் எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோயிற்று. வெளியே ஒரு கழுதை கத்தியது, வேறு யாருடைய ஊரிலோ போல.

"என்ன தெரியுது?" அவர் குரல் எங்கோ மேலேயிருந்து வந்ததுபோலக் கேட்டது.

"வட்டமா கனக்க இருக்கு."

"அது இரத்தம். அதுக்கு இடையில?"

பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். வட்டங்களுக்கு இடையில், முதலில் தூசியென்று நினைத்தவை, தூசியல்ல.

"சின்னனா ஏதோ இருக்கு. குச்சியெண்டும் சொல்லேலாது. நீட்டுமுட்டை மாதிரி."

"முழுக்க ஒரே நிறமோ?"

"இல்லை. ரெண்டு அந்தத்திலயும் கடும் நீலம். நடுவில வெளுத்துப்போய்க் கிடக்கு."

கட்டில் கிரீச்சிட்டது. அடுத்த தகட்டை எடுக்கச் சொன்னார். அதிலும் அவை இருந்தன, இன்னும் கூடுதலாக. மூன்றாவதில் நான் எவ்வளவு தேடியும் வட்டங்களைத் தவிர எதுவும் இல்லை. தகட்டை அங்குமிங்கும் நகர்த்தினேன். கண்ணில் நீர் கட்டியது. என் பார்வைதான் பிழைத்துவிட்டது, வாசலில் நிற்கிற பெரியவரின் பட்டி என்னால்தான் அழியப்போகிறது என்று பயந்தேன்.

"இதில ஒண்டும் இல்லை. எனக்குத் தெரியேல்லைப் போல."

"வடிவாப் பாத்தனீரோ?"

"பாத்தனான். சத்தியமா ஒண்டும் இல்லை."

"இருக்காது," என்றார். "அது சுகமான கன்றின்ர இரத்தம். ஒத்துப் பாக்கவெண்டு எடுத்தது."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவர் கையை நீட்டினார். நெருப்பாய்ச் சுட்டது அந்தக் கை.

"வெக்கைக் கிருமி எந்தக் கண்ணாடியிலயும் அகப்படாது. நீர் கண்டது தொண்டை அடைப்பான். அதுக்குத் தடுப்பூசி இருக்கு. வருத்தம் வந்த மாடுகளைப் பிரிச்சு விட்டால் போதும், சுடத் தேவையில்லை. அந்த மனுசனிட்டச் சொல்லும்."

வாசலுக்குப் போய்ச் சொன்னேன். பெரியவர் இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்று முகத்தைக் கைகளால் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் கதிரையில் இருந்தார். நான் கொடுத்த தேநீரைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். என் கணவர் சுவரைப் பிடித்து நடந்து வந்து, கச்சேரிக்கும் மேலிடத்துக்கும் தந்தி எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று.

காய்ச்சல் இறங்கிக் கண் தெளிந்ததும் அவர் முதலில் செய்தது அந்தத் தகடுகளைப் பார்த்ததுதான். நான் அடுப்பை அப்படியே விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றேன். நிமிர்ந்து, "உள்ளது உள்ளபடி," என்றார். பிறகொரு நாள் வந்த வெள்ளைக்காரத் துரையிடமும் தகட்டைப் பார்த்தது நான்தான் என்று மறைக்காமல் சொன்னார். துரை அதைப் பகிடியென்று எடுத்துக்கொண்டு சிரித்தார். உதவிக்கு ஆள் கேட்டதற்கு அவரும் கையை விரித்துவிட்டுப் போனார். நாங்கள் மன்னாரை விட்டுப் போகும்வரை அந்த உதவியாளர் இடம் வெறுமையாகவே கிடந்தது. அவர் களைத்து வரும் நாட்களில் நானும் ஒரு கண் பார்ப்பேன்.

தடுப்பூசி வந்ததும் என்னையும் கொண்டச்சிக்குக் கூட்டிப்போனார். ஊசிக்கு முந்தியே விழுந்தவை விழுந்துவிட்டன. மிச்சப் பட்டி நின்றது. விடியற்காலையில் எருமைகள் குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தன. பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்ததால் தலைகள் மட்டும் மேகத்தில் மிதப்பதுபோலத் தெரிந்தன. எருமைக்காரரின் மனைவி சட்டித் தயிரை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"மகள், எங்கட எருமைட இரத்தத்துக்குள்ள என்ன கண்டீங்க?"

கிருமி என்று சொல்லப்போனேன். அந்தச் சொல் வாயில் நிற்கவில்லை.

"சரியான வடிவா இருந்தது, உம்மா. அப்பிடியொரு அழகு நீலம்," என்றேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். பிறகு இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊசியை உயர்த்திப் பிடித்தபடி, குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.