ஓட்டுக்குள் எழுதிய ஊர்ப்பெயர்கள்

டெய்சி மேடம் காலமான செய்தி, எங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலைக் காபியோடு வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்றைப் போட்டேன். அடுத்த நிமிடமே வெட்கமாக இருந்தது.

தாம்பரத்தில் நான் விலங்கியல் துறைத் தலைவராக இருந்தபோது அவர் அங்கே விரிவுரையாளர். மழை வந்தால் நாங்கள் குடை தேடுவோம். அவர் வாளி தேடுவார். எங்கிருந்தோ வந்து நம் பப்பாளியை மொட்டையடிக்கும் ஆப்பிரிக்க நத்தைதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. பெரும்பாக்கத்தில் ஒரு பெண், "இன்னாக்கா, கொழம்பு வெக்கவா எடுத்துகினு போற?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"எல்லாம் ஒரே இனம்தான் சார். ஆனா சிட்லபாக்கத்து ஓடு குண்டு, பெரும்பாக்கத்து ஓடு ஒல்லி. போய்ச் சேர்ந்த ஊரு ஓட்டுல தெரியுது" என்பார். ஒவ்வொரு ஓட்டின் வாய்க்குள்ளும் பென்சிலால் ஊர்ப்பெயரை எழுதுவார். சீட்டு ஒட்டினால் கரப்பான் தின்றுவிடும் என்பது அவர் கட்சி.

ஒருமுறை கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்தது. மேடம் ஊரப்பாக்கத்தில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கோ கண்ணாடி அலமாரி பளபளக்க வேண்டும். ஓடுகளையெல்லாம் எடுத்து உதவியாளர் வேலாயுதத்திடம் கொடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னேன்.

"சார், உள்ள ஏதோ எழுதிக்கீது. மேடத்தாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம் சார்."

"கிறுக்கல்தான்யா. தேய்."

வார்னிஷ் பூசி, பெரிது சிறிதாக அடுக்கினோம். குழு பாராட்டியது. எனக்குச் சால்வை போட்டார்கள்.

மறுநாள் மேடம் ஒவ்வொரு ஓடாகத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். "சார், இதுல எது எந்த ஊரு?" என்று கேட்டார். வேலாயுதம் தெரியாமல் தேய்த்துவிட்டார் என்று அவர் காதுபடவே கூசாமல் சொன்னேன்.

"அவரத் திட்டாதீங்க சார். அவருக்கு எப்படித் தெரியும்?"

ஆய்வேட்டைப் பார்த்த தேர்வாளர்கள், அளவுகளைச் சரிபார்க்க ஓடுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஊர் தெரியாத ஓடுகளை எப்படிக் கொண்டுபோவார்? திரும்பப் பொறுக்கலாம் என்றால், அவர் நத்தை பொறுக்கிய காலி மனைகளிலெல்லாம் வீடுகள் எழும்பிவிட்டன. பட்டம் கிடைக்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அவர் தினமும் எனக்குக் குட்மார்னிங் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இப்போதைய துறைத் தலைவர் இரங்கல் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருக்கிறார். மேடத்தின் படத்தை அந்த அலமாரி பக்கத்தில் வைக்கப் போகிறார்களாம். பேசுவேன். இங்கே எழுதியிருப்பதைத்தான் பேசுவேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வேலாயுதம் அருகில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"மேடம் கடசி வரிக்கும் நான்தான் தெரியாம செஞ்சிட்டேன்னு நெனச்சிகினே பூட்டாங்க இல்ல சார்?"

போய் வாருங்கள், மேடம். வேலாயுதத்துக்குத் தெரிந்திருந்தது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று என்னிடம் சொன்னவரே அவர்தான்.