அப்பாவின் பட்டுக்கூடுகள்

செவ்ரானில் இருந்து வந்த பெண் ஒருவர், போன கிழமை வாங்கிய பட்டுச்சேலையை புலம்பெயர்ந்து வந்து லா சப்பலில் நான் வேலை செய்யும் கடையின் மேசையில் விரித்தார். "இஞ்சை பாருங்கோ, மண்ணிறக் கறை." பார்த்ததுமே எனக்கு அப்பாமேல் இருந்த பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

வவுனியாவில் அப்பா தபாற்கந்தோரில் வேலை பார்த்தார். லீவு நாளென்றால் அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு இலந்தைப் பற்றைகளுக்குள் காட்டுப்பட்டுப் பூச்சியின் கூடு தேடப் போவார். கையெல்லாம் முள்ளுக் கீறும். பொறுக்கி வந்த கூடுகள் சீனிப் போத்தலுக்குள்கூடக் கிடக்கும்.

அக்காவின் கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா பெட்டகத்தைத் திறந்தார். அக்கா மணவறைக்கு உடுக்கவிருந்த சேலையில், உள்ளங்கை அகலப் பூச்சியொன்று ஈரச் சிறகோடு தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டைவிட்டு வந்தபோது அது கழித்த மண்ணிற நீர் முந்தானையில் ஊறியிருந்தது.

"உங்களுக்குக் கூடு வைக்க வேற இடமே கிடைக்கேல்லையே?" அம்மா அழுதே விட்டார்.

"சேலையைத் தூக்காதை. செட்டை காய ஒரு மணித்தியாலமாவது வேணும்," என்றார் அப்பா.

கலியாண வீடே அந்தப் பூச்சிக்காகக் காத்திருந்தது. கறை போகவில்லை. அக்கா அம்மாவின் பழைய சேலையை உடுத்துத்தான் மணவறை ஏறினார்.

வந்தவருக்கு வேறு சேலை கொடுத்து அனுப்பிவிட்டு, அப்பாவை வட்ஸ்அப்பில் அழைத்தேன். எண்பத்திரண்டு வயது. முதல்நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வந்திருந்தார்.

"அப்பா, நெஞ்சு நோ எப்பிடி இருக்கு?"

"பிள்ளை, பிறகு எடு. இப்பதான் ஒண்டு கூட்டைவிட்டு வெளியால வருது."

வைத்துவிட்டார்.