மிஸ் கொண்டுவந்த வேலிக்கல்

பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் எங்கள் வரவேற்பறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதை நிறுத்தி வைக்க ஒரு சாம்பல் நிறக் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன். உரித்த தேங்காய் அளவு இருக்கும். வருகிறவர்கள் அதில் கால்விரலை இடித்துக்கொண்டு, முதலில் கல்லையும் பிறகு என்னையும் முறைப்பார்கள். அயர்லாந்தில் ஒரு வயல்வேலியிலிருந்து களவாக எடுக்கப்பட்ட கல் அது. எடுத்தவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த மரியாதையான பெண்மணி. நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம்.

எண்பதுகளின் நடுவில் நானும் சின்னம்மாவும் பாரிஸ் நகரத்துக்குள் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். அம்மா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துபோய்விட்டார். என்னைப் பாரிசுக்கு எடுப்பித்தவர் அம்மாவின் தங்கையான இந்தச் சின்னம்மாதான். எங்களுக்கு மேல் மாடியில் மிஸ் இருந்தார். அவுஸ்திரேலியாக்காரி. ஐம்பது வயது, தனிக்கட்டை. லீவு கிடைத்தபோதெல்லாம் ரயிலும் கப்பலுமாக அயர்லாந்துக்குப் போய்வர வசதி என்பதற்காகவே பாரிசில் வேலை தேடிக்கொண்டவர். அங்கே அவர் தேடியது ஒரு கைதியை. அவருடைய பாட்டனாரின் பாட்டனார் ஓர் ஆட்டைத் திருடிப் பிடிபட்டு, விலங்கோடு கப்பலேற்றப்பட்டு, உலகத்தின் மறுகோடியில் இறக்கிவிடப்பட்டவர். தண்டனை முடிந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. அந்த ஊர் எது, வீடு எது, மிஞ்சிய சொந்தங்கள் யார் என்பதைத்தான் மிஸ் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருவருடைய பூர்வீகத்தைத் தோண்டுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. ஒரு சம்பந்தம் பேச்சில் அடிபட்டால் போதும், பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் இருக்கிறவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறவரைக் கொண்டு மூன்று தலைமுறையைக் கிளறிவிடுவார். நாங்கள் கிளறுவது ஏதாவது குறை கண்டுபிடித்துச் சம்பந்தத்தை நிறுத்துவதற்கு. மிஸ்ஸோ குறையைக் கண்டுபிடித்துக் கொண்டாடுவதற்காக அலைந்தார். சின்னம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. "கள்ளனைத் தேடிக் கப்பலேறுது பார் இந்த மனுசி. எங்கடையள் எண்டால் இருந்த இடம் தெரியாமல் மூடியிருக்குங்கள்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் வெட்டத் தொடங்கினார்.

பார்க்காததற்குக் காரணம் என் அப்பா. எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கடலில் உள்ள நெடுந்தீவு. காணிகளுக்கு நடுவே சாந்து பூசாமல் கல்லை அடுக்கி வேலி கட்டுகிற ஊர். அந்த வேலி எங்கே நிற்பது என்ற சண்டையில் அப்பா ஒரு கல்லை எடுத்துப் பக்கத்துக் காணிக்காரரின் முழங்காலில் போட்டுவிட்டார். மூன்று வருடம் மறியல். எங்கள் பக்கத்தில் சிறைக்கு அதுதான் பெயர். சின்னம்மாவின் கணக்கில் மட்டும் அந்த மூன்று வருடமும் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். என்ன கடை என்றுகூட அவர் முடிவு செய்திருந்தார்: பீங்கான் கடை. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். மறியலிலிருந்து வந்தபிறகு மாதா கோயிலில் கடைசி வரிசை வாங்கைத் தவிர வேறெங்கும் உட்காராத மனிதர் அவர். அந்த அப்பாவைத்தான் எனக்குத் தெரியும். பீங்கான் விற்றவரை எனக்குத் தெரியாது. ஆனால் என்னைக் கரைசேர்க்க வேண்டுமே என்ற சின்னம்மாவின் பயமும் எனக்குத் தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபிறகு, பொபினியிலிருந்து எனக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைப் பார்க்க வந்தார். மாமனுக்கு ரெஸ்டோரண்டில் சமையல் வேலை, பிரெஞ்சு நன்றாகக் கதைப்பார். சின்னம்மா ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். பேச்சு அப்பாவின் பீங்கான் கடைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மழைக்கோட்டுடன் மிஸ். அயர்லாந்திலிருந்து நேரே வந்திருந்தார். அறையில் விருந்தாளி இருப்பதைக் கவனிக்காமல் பையிலிருந்து இந்தக் கல்லை எடுத்து ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கிடைத்துவிட்டது, வீட்டின் சுவர்கூட இல்லை, வயலைச் சுற்றிய கல்வேலி மட்டும் நிற்கிறது, அதிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒன்றை எடுத்து வந்தேன் என்று பிரெஞ்சில் மூச்சுவிடாமல் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். சின்னம்மா கல்லைத் தொட்டுப் பார்த்து, "களவெடுத்தே கொண்டு வந்தவ? பரம்பரைக் குணம் விடேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சொந்தக்காரர் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். மிஸ்ஸின் முகம் மாறியது. ஒரு கிழவி இருந்தாராம், அதே குடும்பப் பெயர். விஷயத்தைச் சொன்னதும், "எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம்.

மாமன் தலையாட்டினார். "அந்தக் கிழவிதான் மானமுள்ள மனுசி. இவ என்னெண்டால் கள்ளன்ரை வம்சம் எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுறா. எங்கடை குடும்பங்களிலை இப்பிடி ஒண்டு இருந்தால் வெளியிலை தலை காட்டுவமே?"

சின்னம்மா என்னிடம் கேட்டார்: "எத்தினை வருசத்துக்கு முந்தின கதை பிள்ளை இது?" நூற்றைம்பது வருடமாவது இருக்கும் என்றேன்.

"இவ்வளவு காலம் போயும் அந்தாள் இருந்ததே இல்லை எண்டு சொல்லுதுகளோ?" கல்லை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு மாமனைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணை, கொழும்பிலை கடையும் இல்லை ஒண்டும் இல்லை. இந்தப் பிள்ளையின்ரை தகப்பன் மூண்டு வருசம் மறியல்லை இருந்தவர். வேலிச் சண்டை. இப்பவும் உயிரோடை இருக்கிறார். இல்லை எண்டு சொல்ல என்னாலை ஏலாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்று அப்போதே தெரிந்தது, ஆனாலும் சந்தோஷத்தில்தான் அழுதேன். என்ன நடந்தது என்று விளங்காத மிஸ் எனக்குக் கைக்குட்டை தந்தார். மாமன் தேநீரை முழுதும் குடித்து முடித்து, "சரி தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழுந்தார்.

அடுத்த கிழமை பதில் வந்தது. பெண் உயரம் காணாதாம். சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் கல்லுக்கு மேலை ஏத்தி நிப்பாட்டியிருந்தால் கண்டிருக்கும்!" அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவர் தேநீர் ஊற்றுவதற்கு முன்பே மறியல் கதையைச் சொல்லிவிடுவார். இரண்டு பேர் தேநீர் குடிக்காமலே போனார்கள். மூன்றாவதாக வந்த மன்னார்க்காரர் இரண்டு கோப்பை குடித்தார். அவரைத்தான் கட்டினேன். மிஸ் ஊருக்குத் திரும்பியபோது, பெட்டி பாரம் என்று கல்லை எங்களிடமே விட்டுப் போனார்.

இப்போது சின்னம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அப்பாவின் அடக்கத்துக்குப் போக யுத்தம் விடவில்லை. போன மாதம் என் மகள் ஒரு பிரெஞ்சுப் பொடியனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவனும் வழக்கம்போல் கல்லில் காலை இடித்தான். நான் சின்னம்மாவைப் போலவே, கோப்பி ஊற்றுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். மகள் பிரெஞ்சில் இடைமறித்தாள்: "அம்மா, தாத்தா ஜெயிலுக்குப் போனதை இவனுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்." ஏதோ பரிசு வாங்கிய கதை மாதிரிச் சொன்னாள். எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. அப்பா உட்கார்ந்த அந்தக் கடைசி வாங்கு இவளுக்குத் தெரியாது.

பொடியன் குனிந்து கல்லைக் கையில் எடுத்தான். பாரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "அடிபட்டவர் பிறகு நடந்தாரா?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களும் கேட்கவில்லை, மிஸ்ஸும் கேட்கவில்லை. ஆட்டைப் பறிகொடுத்தவர் யார் என்று நானும் மிஸ்ஸைக் கேட்டதில்லை.

நடந்தார், நொண்டி நொண்டி நடந்தார் என்றேன். அப்பா மறியலிலிருந்து வந்த முதல் வாரமே அந்த வேலியைப் பிரித்து, ஒரு முழம் எங்கள் பக்கமாகத் தள்ளிக் கட்டினார். அந்த மனிதர் தன் பக்கத்து வளவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊன்றுதடியை வேலியில் சாத்திவிட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.