கண்ணளவு எடுத்த பீக்கர்

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுகிறவர் அவர். பிள்ளைகள் வைத்த பேர் பீக்கர். சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த வருடம் பள்ளிக்கு இருபது விஆர் கண்ணாடிகள் வந்தன. மாட்டிக்கொண்டால் அறை மறைந்து, கூம்பும் உருளையும் மாடி உயரத்துக்கு எதிரே நிற்கும். முதல் வகுப்பிலேயே நாலு பிள்ளைகளுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒருத்தி ஆய்வகத் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றாங்க. அன்னைக்கும் ஒரு புள்ளைக்கு மயக்கம் வந்தா எல்லாத்தையும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார் தலைமையாசிரியை.

கணக்கு வாத்தியார் தலையாட்டிவிட்டுப் போனார். பீக்கருக்கு மனசு ஆறவில்லை. அதே அகலமும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பு பிடிக்கும் என்பது ஏன் என்று கேட்டு, படிக்கிற காலத்தில் குட்டு வாங்கியவர். கண்ணாடிக்குள் கூம்புத் தண்ணீர் மூன்று தடவை கவிழ்ந்து உருளை நிரம்பியதைப் பார்த்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது. இதையா திருப்பி அனுப்புவது?

சாயங்காலம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் உருவம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அடியில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகினார். வில்லைகள் நெருங்கின, உருவம் ஒன்றானது. ஆளுக்கு ஆள் கண்களின் இடைவெளி வேறு. துடைத்து அடுக்கும்போது பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று இருபது சக்கரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தியவர் யார்? சாட்சாத் அவரேதான். ஒழுங்காம் ஒழுங்கு! தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இரும்பு ஸ்கேலோடு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பீக்கர் அண்ணே, சட்டை தைக்கப் போறீங்களா?" என்றான் முதலில் வந்த பையன்.

"வாயை மூடு. என் மூக்கை நேராப் பாரு."

"அதுதான் பாதி லேபை மறைக்குதே!"

வகுப்பின் நாற்பது பேருக்கும் கண் இடைவெளியை அளந்து சீட்டு எழுதினார். வாந்தி எடுத்தவளுக்கு ஐம்பத்தேழு மில்லிமீட்டர். கண்ணாடியின் சக்கரம் நின்றதோ அறுபத்துநாலில்.

"எனக்கு வேணாண்ணே. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள் அவள்.

"தப்பு என்னோடதும்மா. ஒரே ஒரு நிமிஷம் போட்டுப் பாரு. கிறுகிறுத்தா கையைத் தூக்கு, நான் கழட்டிடறேன்."

வெள்ளிக்கிழமை. அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்தார். முதல் இருபது பேருக்கு ஒவ்வொரு சீட்டையும் பார்த்துப் பார்த்துச் சக்கரத்தைத் திருகி மாட்டிவிட்டு, பீக்கர் அந்த ஐம்பத்தேழுக்காரி பக்கத்திலேயே நின்றார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. அவள் கையைத் தூக்கினாள். பீக்கர் கண்ணாடியைக் கழட்டக் கை நீட்டினார்.

"சார், மூணாவது தடவை ஊத்தினேன், ரொம்பிடுச்சு! கூம்பை இன்னும் அகலமாக்கினாலும் மூணுதானா?"

வாத்தியார் பதில் சொல்ல எழுந்தார். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை பீக்கரிடம் வந்தார். "அடுத்த வாரம் இன்னொரு பிரிவுக்கும் நடத்தலாமா?"

"அடுத்த வாரம் எதுக்கு மேடம்? அந்தப் புள்ளைங்களை இப்பவே அனுப்புங்க. மணி அடிக்கறதுக்குள்ள அளந்துடறேன்."