தாழ்ந்த மூடுபனி

ஆஸ்பத்திரி வாசலில் நெடுந்தீவுச் சூசையப்பரைக் கண்டேன். நெஞ்சு நோவுக்குக் காட்ட யாழ்ப்பாணம் வந்திருந்தார். சண்டையால் தீவோடு தொலைபேசி இல்லாமற் போய் நாலைந்து வருடங்களாகிவிட்டன. தபாலும் நினைத்த நேரத்தில்தான் வரும். ஆகவே ஊரிலிருந்து ஒருவரைக் கண்டால் எல்லாரையும் விசாரிப்பது என் வழக்கம். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

"றெஜினா மிஸ் மோசம் போயிட்டா, தம்பி. கிழமைக் கணக்காயிட்டுது. உமக்கு ஆர் வந்து சொல்லுறது?"

காய்ச்சலில் படுத்தவர் எழும்பவில்லையாம். அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோனபோது பின்னால் வந்த சனம் தெருவை அடைத்து நின்றதாம். கடைசிவரை தீவை விட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நெடுந்தீவுத் தபால் கந்தோரில் முத்திரை வாங்கியவர்களுக்கும், வெளிநாட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்து அவரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கும் றெஜினா மிஸ்ஸை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் அவர் அங்கே தபாலதிபர். நான் காரைநகரிலிருந்து மாற்றலாகிப் போன எழுதுவினைஞர். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் எல்லாரையும் போல நானும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டேன். தீவில் காடாகத் திரியும் கட்டைக் குதிரைகள் கந்தோர்ப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் கடிதக் கட்டை மேசையில் போட்டுவிட்டுத் தானே கலைக்கப் போவார். சத்தமாகச் சிரிப்பார். பிழையைப் பொறுக்க மாட்டார்.

தினமும் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கொழும்பின் வானிலை அறிக்கையைத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் வாசிப்பார். நான் எழுதிக்கொண்டு, தமிழாக்கி, வாசலில் இருந்த கரும்பலகையில் போடவேண்டும். வள்ளக்காரர் வந்து பார்ப்பார்கள். நான் போன புதிதில் ஒரு மார்கழிக் காலையில் 'மிஸ்ற்' என்று வந்தது. 'பனி' என்று எழுதினேன். அடுத்த நாள் 'ஃபொக்' என்று வந்தது. அதற்கும் 'பனி' என்றே எழுதினேன்.

மிஸ் வெளியே வந்து பலகையைப் பார்த்தார். "பனி எண்டால் ஆர் பயப்பிடுவினம்? புல்லிலயும் பனிதான் கிடக்குது. நேற்றும் இண்டைக்கும் ஒண்டோ?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதானே, மிஸ்."

"தெரிஞ்சு சொல்லுறீரோ, நினைச்சுச் சொல்லுறீரோ?"

நினைத்துத்தான் சொன்னேன். அவர் உடனே யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே தெரியாமல், கொழும்பில் கேட்டுச் சொல்ல வைத்தார். ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் கண் தெரிந்தால் மிஸ்ற். அதற்குள் மறைந்தால் ஃபொக். நாங்கள் அதை ஊர்க் கணக்காக்கினோம். இறங்குதுறையில் நின்று பார்க்க, ஒரு கிலோமீற்றர் தள்ளியிருந்த கோயிற் சிலுவை மங்கலாகவேனும் தெரிந்தால் பனிப்புகார், தெரியாவிட்டால் மூடுபனி. அதன் பிறகு பலகையில் அந்த இரண்டு சொற்களும் இடம் மாறியதில்லை.

நான் சொல்ல வந்த காலை ஒரு தை மாதத்தில் வந்தது. சூசையப்பரின் மகள் பிலோமினாவுக்குப் பிள்ளைப்பேறு. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்று தீவு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிலோமினாவை இறங்குதுறைக்குக் கொண்டுவந்து சூசையப்பரின் பாய்மர வள்ளத்தில் கிடத்தியிருந்தார்கள். தரையில் நல்ல வெயில். ஆனால் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் கடல் முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடந்தது. அது எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு தடிப்பு என்று கரையில் நின்று சொல்ல எவராலும் ஏலாது. சூசையப்பர் கந்தோருக்கு ஓடி வந்தார்.

அப்போதுதான் அறிக்கை வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு புதுச் சொல்: 'ஷலோ ஃபொக்'.

ஷலோ என்றால் ஆழமில்லாதது. ஆகவே இலேசான மூடுபனி என்று எழுதச் சுண்ணக்கட்டியை எடுத்தேன். மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணிக்கு ஆழம் இருக்கு. பனிக்கு என்ன ஆழம்?" தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினார். "தம்பி, ஷலோ எண்டால் என்ன?"

மறுமுனையில் இருந்தவர் பெரிதாக ஒன்றுமில்லை, மெல்லிய பனி என்று போடுங்கோ என்றார். மிஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவரும் நினைத்துத்தான் சொல்லியிருந்தார்.

"அப்ப கொழும்பில கேட்டுச் சொல்லும். நான் லைனில நிக்கிறன்."

சூசையப்பர் வாசற் தூணைப் பிடித்தபடி நின்றார். "மிஸ், பிள்ளை துடிக்கிறாள். போகலாமோ, ஏலாதோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"பிழையான சொல்லைச் சொல்லி உம்மட பிள்ளையைக் கடலில விட ஏலாது. கொஞ்சம் பொறும்."

அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் மறக்க ஏலாது. மிஸ்ஸின் முகத்தில் பதற்றமில்லை. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.

பதில் வந்தது. ஷலோ என்பது மென்மையைச் சொல்வதல்ல, உயரத்தைச் சொல்வது. தரையில் என்றால் ஓர் ஆள் உயரத்துக்கு, கடலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பனி தாழ்ந்து படுத்திருக்கும். உள்ளே முன்னால் நிற்பதும் தெரியாது. மேலே தெளிவாக இருக்கும்.

மிஸ் அதைச் சூசையப்பருக்கு அப்படியே சொன்னார். "மெல்லிசு இல்லை, அண்ணை. தடிப்புத்தான். ஆனால் தாழ்வு."

சூசையப்பர் ஒரு கணம் யோசித்தார். "அப்ப பாய்மரத்தில ஒருத்தன் ஏறி நிண்டால் வழி தெரியும்."

"ஓம். தெரியவேணும்."

கந்தோரை என்னிடம் விட்டுவிட்டு மிஸ்ஸும் இறங்குதுறைக்குப் போனார். சூசையப்பரின் தம்பி மரத்தில் ஏறினார். வள்ளம் வெள்ளைக்குள் புகுந்து மறைந்த பிறகும் அவருடைய தலை மட்டும் மேலே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்ததாக மிஸ் பிறகு சொன்னார். நயினாதீவுக் கோபுரத்தின் மேற்பாதியைக் குறியாக வைத்துத் தம்பி திசை சொல்ல, கீழே சூசையப்பர் சுக்கான் பிடித்தார். நடுக்கடலில் எதிரே ஒரு பாய்மர நுனி நேராக வந்ததாம். மேலிருந்து அவர் கத்தியிராவிட்டால் இரண்டு வள்ளமும் மோதியிருக்கும்.

மத்தியானத்துக்கு முன் மறுகரையில் குறிகட்டுவான் துறையிலிருந்து செய்தி வந்தது: "வந்து சேர்ந்திட்டினம். வான் ஒண்டு பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டினம்." மிஸ் தொலைபேசியை வைத்தார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, முத்திரை கேட்டு நின்றவரிடம் எத்தனை வேண்டும் என்று கேட்டார். தாயும் பெண் குழந்தையும் பிழைத்த செய்தி மறுநாள் வந்தபோதுதான் மேசையில் தலை வைத்து அழுதார்.

இலேசான மூடுபனி என்று நான் எழுதியிருந்தால் மரத்தில் ஆளை ஏற்றாமலே போயிருப்பார்கள். வெறும் மூடுபனி என்று எழுதியிருந்தால் கரையிலேயே காத்திருப்பார்கள். இரண்டிலும் பிலோமினா தப்பியிருக்க மாட்டாள். அன்று பலகையில் மிஸ் தன் கையால் எழுதியது இது: 'தாழ்ந்த மூடுபனி. கீழே கண் தெரியாது. மேலே தெரியும்.' அந்தத் தையிலேயே வள்ளக்காரர் "இண்டைக்குத் தாழ்ந்ததோ, நிறைஞ்சதோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

தொலைபேசியை நீண்ட நேரம் பிடித்து வைத்ததற்காக விளக்கம் கேட்டு ஒரு மேலதிகாரி வந்தார். வானிலை அறிக்கைக்கு அர்த்தம் சொல்வது தபாலதிபரின் வேலையல்ல என்றார். மிஸ் அவருக்குத் தேநீரும் பனங்கட்டியும் வைத்துவிட்டுச் சொன்னார்: "விளங்காமல் எழுதிப் போடுறதும் என்ர வேலை இல்லை, ஐயா." அவர் தேநீரைக் குடித்தார். விளக்கம் பிறகு கேட்கப்படவில்லை.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஒரு சொல் தெரியாவிட்டால், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், கூச்சப்படாமல் கேட்பேன். அதை எனக்கு அவர் படிப்பித்தார் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பக்கத்து மேசையில் இருந்து பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாசலில் கண்ட அன்று சூசையப்பரோடு நானும் ஆஸ்பத்திரிக்குள் போனேன். இளம் வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, 'மேர்மர்' இருக்கிறது என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். சூசையப்பர் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"மேர்மர் எண்டால் என்ன, டொக்டர்?" என்று கேட்டேன்.

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லி, இரத்தம் ஓடும்போது இருதயத்தில் கேட்கும் ஒரு மேலதிகச் சத்தம், இவருக்கு அதனால் ஆபத்தில்லை, நோவு தசைப்பிடிப்பால் வந்தது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சூசையப்பர் பெருமூச்சு விட்டார்.

"நீங்கள் இவருக்குச் சொந்தமோ?" என்று வைத்தியர் என்னைக் கேட்டார்.

"இல்லை, டொக்டர்," என்றேன். "நான் றெஜினா மிஸ்ஸோட வேலை செய்தனான்."