சின்னையா தூக்கிய கரும்புத் தொட்டில்

எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னையாவைக் கண்டால் ரிக்‌ஷாக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முனையில் நாலைந்து சீனர்கள் வண்டியோடு நிற்பது வழக்கம். இவர் வாசற்படி இறங்கினால் போதும், ஒருவனுக்கு அப்போதுதான் சக்கரத்தில் கோளாறு தெரியும், இன்னொருவனுக்குச் சோற்று நேரம் வந்துவிடும். பெயர்தான் சின்னையா, உடம்பு இரண்டு ஆள் உடம்பு. கோலாலம்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். மனுஷன் தங்கம். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ‘போதும்’ என்ற சொல்லை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவருக்கும் புஷ்பவல்லிக்கும் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லை. புஷ்பவல்லி பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தால் தைப்பூசத்தன்று கரும்புத் தொட்டில் கட்டி, அப்பன் முன்னால் தூக்க, ஆத்தா பின்னால் தூக்க, மலையேறி வருகிறோம் என்று. முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். சந்திரகலா பிறந்தாள். அப்பன் பங்குதான் இடித்தது.

முதல் தைப்பூசத்தில் குழந்தை கைப்பிள்ளை. கரும்பில் மஞ்சள் துணியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மரப்படியில் பாதிகூட ஏறவில்லை, சின்னையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்துப் பேச்சு வரவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது, முன்னால் உருமி அடிக்கிறார்கள், இவருக்கு மூச்சே வரவில்லை. புஷ்பவல்லியின் தம்பி நாகையா ஓடிவந்து கரும்பைப் பிடித்துக்கொண்டான்.

“குடுங்க மச்சான், நான் தூக்குறேன். தாய்மாமன் தூக்கினா முருகன் கோவிச்சுக்குவானா?”

புஷ்பவல்லி கரும்பை விடவில்லை. “அப்பன் உசுரோட இருக்கறப்ப மாமன் எதுக்குடா தூக்கணும்? எறங்குங்க. அடுத்த வருஷம் வருவோம்” என்றாள்.

இறங்கினார்கள். வேண்டுதலைப் பாதியில் விட்டு இறங்குவதைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசாத கிழவி அந்த மலையில் இல்லை. சின்னையா தலையைக் குனிந்துகொண்டே வந்தார். பேசினவர்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். உடம்பைக் குறைக்காமல் அந்தப் படியில் கால் வைத்தால் புஷ்பவல்லி தனியாகத்தான் இறங்கி வருவாள் என்று. ஏறாவிட்டால் சாமிக்குச் சொன்ன வாக்கு நிற்காது, ஏறினால் உயிர் நிற்காது. கையில் இருப்பது ஒரு வருஷம்.

நாகையா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்கிறவன், கட்டுமஸ்தான உடம்பு. அவன் ஒரு ஜோடி கரலாக்கட்டையைக் கொண்டுவந்து வாசலில் மச்சானைச் சுற்றவிட்டான். ஒன்று சுழன்று போய் என் வீட்டுத் துளசித் தொட்டியை உடைத்தது. அதோடு கரலாக்கட்டைக்கு நானே முடிவு கட்டினேன்.

பிறகு விடியற்காலை நடை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடனே என்று நடப்பார். நடை நேராகப் பசியாறும் கடையில் போய் முடியும். நடந்த களைப்புத் தீர நாலு தோசை, தோசை இறங்க ஒரு காப்பி. திரும்பி வருவது, எவனாவது அசந்து நின்றால், ரிக்‌ஷாவில்.

அடுத்து விரதம். இதைக் கேளுங்கள், வேறு எந்த ஊரிலும் யாரும் இப்படிக் கெட்டுப்போக மாட்டார்கள். முருகனுக்கு ஒரு பொழுது இருக்கிறேன் என்று துளசி மாலை போட்டுக்கொண்டார். உடம்பும் குறையும், புண்ணியமும் சேரும் என்று கணக்கு. நாள் முழுக்கப் பட்டினியாக வேலை பார்த்துவிட்டு வரும் புருஷனைப் பார்த்தால் புஷ்பவல்லிக்குக் கண் கலங்கும். தலைவாழை இலையில் மூன்று வேளைச் சோற்றையும் ஒரே வேளையாகப் பரிமாறுவாள். விரதச் சாப்பாடாயிற்றே, வடை பாயசம் இல்லாமல் எப்படி? மாதக் கடைசியில் ஸ்டேஷனில் பார்சல் நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். முள் முன்னைவிட அந்தப் பக்கம் போய் நின்றது. கூட வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

“ஒரு வேளைதான் சாப்பிடணும்னு சொன்னாங்க அக்கா. எவ்வளவுன்னு யாரும் சொல்லலையே” என்றார் என்னிடம். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. விரதம் இருந்து ஊதிப்போன மனிதரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அவர் மலைப் பேச்சையே எடுக்கவில்லை. நாகையாவே தூக்கட்டும் என்று விட்டுவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் சந்திரகலாவுக்குப் பல் முளைத்தது. சாயங்காலமானால் எங்கள் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரே அழுகை. புஷ்பவல்லி உலை வைப்பாளா, பிள்ளையைப் பார்ப்பாளா? ஒரு நாள் சின்னையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். அழுகை நின்றது. அப்பாடா என்று ஒரு மரத்தடியில் நின்றார். உடனே வீறிட்டாள். நடந்தார், நிறுத்தினாள். ரிக்‌ஷாவில் ஏறிப் பார்த்தார், அதற்கும் அழுதாள். அப்பன் காலால் நடந்தால்தான் அவளுக்குச் சம்மதம். கரலாக்கட்டை கொண்டுவந்த வஸ்தாதைவிடக் கண்டிப்பானவள்.

நடக்கிற நேரம் போக வேண்டுமே, ரயில் விளையாட்டு ஒன்று கண்டுபிடித்தார். அவர் எஞ்சின், பிள்ளை முதல் வகுப்புப் பயணி, வழியில் வருகிற இடமெல்லாம் கிள்ளான் லைன் ஸ்டேஷன்கள். வண்ணான் சாவடி வந்தால் “பெட்டாலிங்!” என்று கூவுவார். கோயில் முனை சுங்கைவே. ஆற்றுப் பாலம் பத்து தீகா. பொக்கை வாயில் இரண்டு பல்லைக் காட்டி அவள் கெக்கலித்துச் சிரிப்பாள். முதலில் பத்து தீகாவோடு வண்டி திரும்பியது. பிறகு பாடாங் ஜாவா. ஒரு நாள் ஏரித் தோட்டம் வரை போய்விட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து, “அக்கா, இன்னிக்குக் கிள்ளான் போய்ட்டோம்!” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். ஏதோ கப்பலேறிச் சீமைக்குப் போய்வந்த மாதிரி முகத்தில் அத்தனை பெருமை. அந்த முகத்தில் நடையால் வந்த சந்தோஷத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சோறும் தானாகக் குறைந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டால் மறுபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லையாம். சட்டை தொளதொளத்தது. புஷ்பவல்லி பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஒல்லியாகிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். தோதான உடம்பாயிற்று, அவ்வளவுதான். டாக்டர் மறுபடி குழலை வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக ஏறலாம் என்றார்.

அடுத்த தைப்பூசம் வந்தது. ஆற்றில் குளித்து, கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டார்கள். சந்திரகலா இப்போது கைப்பிள்ளை இல்லை, நல்ல கனம். சின்னையா முன்னால், புஷ்பவல்லி பின்னால், பக்கத்திலேயே நாகையா, அவனுக்குப் பின்னால் நான். புஷ்பவல்லி படியைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. புருஷன் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போன வருஷம் உட்கார்ந்த இடம் வந்தது. சின்னையா நின்றுவிட்டார். புஷ்பவல்லி “முருகா” என்றாள். நாகையா பாய்ந்து கரும்பில் கை வைத்தான்.

“கைய எடு மச்சான்” என்றார் சின்னையா திரும்பாமல். “தோள் மாத்திக்கிறேன்லா.”

மாற்றிக்கொண்டு ஏறினார். குகை வாசலில் தொட்டிலை இறக்கியதும், சுற்றி அத்தனை ஜனம் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், புஷ்பவல்லி அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் அடிக்குது” என்றார் அவர்.

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். “நேர்த்திக்கடன் கெடந்தா கெடந்துட்டுப் போகுதுன்னுகூட நெனைச்சேங்க. நீங்க இல்லாம நான் அந்தப் படியில எறங்க முடியாது” என்றாள். நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

மறுநாள் சாயங்காலம் நான் வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அலைச்சலில் சந்திரகலா அசந்து தூங்கிவிட்டாள். சின்னையா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அவதான் தூங்குறாளே, எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டாள் புஷ்பவல்லி. “வேண்டுதலும் முடிஞ்சிருச்சு. உக்காருங்க, பலகாரம் இருக்கு.”

அவர் முகத்தில் திருட்டுத்தனம் அகப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு. “சும்மாதான் புஷ்பம். ஒரு நடை போய்ட்டு வரேன்” என்று இறங்கிவிட்டார்.

புஷ்பவல்லி வேலியருகே வந்து நின்றாள். “பாத்தீங்களாக்கா” என்றாள். தெருக்கோடியில் சின்னையா பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போல இரண்டு கையையும் வீசி நடந்துகொண்டிருந்தார்.